மீன் தொட்டி நீர் ஏன் கலங்குகிறது?

மாணவர்களே, பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் படிவம் 2 மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு என்னைத் தேடி வந்தார். அம்பாங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், என் மீனெல்லாம் செத்துப் போச்சு. சனிக்கிழமைதான் தொட்டியை நல்லா கழுவினேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மீன் மிதந்துச்சு. புதன்கிழமைக்குள்ள மிச்ச நாலும் போயிருச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொட்டி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே ஆறு தங்க மீன்கள். விடுமுறைக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஆளாளுக்குத் தீனி போட்டார்கள். நான்காவது நாள் நீர் பால் கலந்ததுபோல் வெளுத்தது. மாணவர் மொத்த நீரையும் இறைத்து ஊற்றினார். கூழாங்கற்களைக் கழுவினார். ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, கறுப்பு நீர் நிற்கும்வரை பிழிந்தார். பிறகு குழாய் நீரை நிரப்பி மீன்களை விட்டார். சோப்பு போடவில்லை.

சோம்பேறித்தனத்தால் மீன்கள் சாகவில்லை. அக்கறையாகச் செய்த வேலைதான் அவற்றைக் கொன்றது. இப்படி நடந்தது ஏன் என்று புரிந்துகொண்டால், தொட்டி நீரைத் தெளிவாக வைத்திருக்கும் வழியும் புரிந்துவிடும்.

கலங்கல் என்றால் என்ன?

நல்ல நீரின் வழியே ஒளி நேராகச் செல்லும். நீரில் மிக நுண்ணிய துகள்கள் மிதந்தால், அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அந்தச் சிதறலைத்தான் நாம் கலங்கல் என்கிறோம். இருட்டான அறையில் தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். நீருக்குள் ஒளிக்கற்றை தெளிவாகத் தெரிந்தால், அங்கே துகள்கள் மிதக்கின்றன. இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர்.

ஆனால் அந்தத் துகள்கள் என்ன? மருந்து வாங்கக் கடைக்கு ஓடும் முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை எடுத்து, வெள்ளைத் தாளின் முன்னால் வைத்து நிறத்தைப் பாருங்கள். பிறகு ஓர் இரவு அசையாமல் விட்டுவிடுங்கள்.

காலையில் அடியில் தூள் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால், அது மண்ணும் கழிவுத்தூளும்தான். புதிய கூழாங்கற்களைச் சரியாகக் கழுவாமல் போட்டால் இப்படி ஆகும். ஃபில்டர் ஓரிரு நாளில் பிடித்துவிடும்.

படியாமல் வெண்மையாகவே இருந்தால், அநேகமாக அது பாக்டீரியா. மீதமான தீனியும் மீன் கழிவும் நீரில் அழுகும்போது, அவற்றை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் பல மடங்காகப் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கோடிக்கணக்கில் சேரும்போது நீர் வெளுத்துவிடுகிறது. நம் மாணவரின் தொட்டியில் நடந்தது இதுதான். தீனியை இரண்டு நாள் நிறுத்தி, அடியில் கிடந்த கழிவை உறிஞ்சி எடுத்து, கால் பங்கு நீரை மட்டும் மாற்றியிருந்தால் சில நாளில் அது அடங்கியிருக்கும். உணவு தீர்ந்தால் அவற்றின் கூட்டமும் குறையும்.

பச்சையாக இருந்தால், அவை மிதக்கும் நுண்பாசிகள். பலகணியிலோ சன்னல் ஓரத்திலோ வெயில் படும்படி வைத்த தொட்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். பாசிக்கு ஒளியும், நீரில் கரைந்த நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளும் வேண்டும். தொட்டியை வெயிலிலிருந்து நகர்த்துங்கள். விளக்கை ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். ஹைட்ரில்லா போல வேகமாக வளரும் செடிகளை வையுங்கள். அவை பாசிக்குப் போகும் சத்தை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும். பச்சை நீர் பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் உடனே மீனைக் கொன்றுவிடாது. ஆனால் அடர்ந்த பாசி இரவில் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகின்றனவா என்று கவனியுங்கள்.

தேநீர் நிறமாக இருந்தும் ஒளி தடையில்லாமல் ஊடுருவினால், அது கலங்கலே அல்ல. மரத்துண்டு அல்லது கெத்தாப்பாங் இலையிலிருந்து இறங்கிய தனின்தான் அந்த நிறத்துக்குக் காரணம். வட சிலாங்கூரின் கரிச் சதுப்பு நிலக் காடுகளில் ஓடும் நீர் இயற்கையாகவே இந்த நிறம்தான். 'பெட்டா லிவிடா' என்ற சண்டை மீன் இனம் சிலாங்கூரின் இத்தகைய கறுப்பு நீரில்தான் வாழ்கிறது. நமக்கு அழுக்காகத் தெரியும் நீர் அதற்குச் சொந்த வீடு.

தெளிந்த நீரில் ஒளிந்திருக்கும் நஞ்சு

தேநீர் நிற நீர் நல்ல நீராக இருக்கலாம் என்றால், கண்ணாடி போன்ற நீர் கெட்ட நீராகவும் இருக்கலாம் அல்லவா? மாணவரின் தொட்டியில் அதுதான் நடந்தது.

மீன்கள் தங்கள் உடலில் உண்டாகும் அம்மோனியாவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக நீரில் விடுகின்றன. அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? அம்மோனியாவுக்கு நிறமில்லை. நீர் தெளிவாகவே இருக்கும். மீனின் செவுள்தான் புண்ணாகும்.

நம்மைக் காப்பாற்றுவது இன்னொரு வகை பாக்டீரியா. நீங்கள் பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் நைட்ரஜன் சுழற்சி உங்கள் வரவேற்பறைத் தொட்டியிலேயே நடக்கிறது. முதல் கட்டத்தில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பழுதாக்கி, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கும். இரண்டாம் கட்டத்தில் நைட்ரைட் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மிக அதிகமாகச் சேராதவரை மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். செடிகளுக்கு அது உரம்.

இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் அதிகம் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சு, கூழாங்கல், தொட்டிச் சுவர் என்று எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு வாழும். நாம் அழுக்கு என்று நினைத்துப் பிழிந்து ஊற்றும் அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் அவை குடியிருக்கின்றன. மேலும், அவை மெதுவாகப் பெருகுபவை. நல்ல சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே ஒரு புதிய தொட்டி பக்குவப்படப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

ரஷ்ய அறிவியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டுவாக்கில் இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதன்பின் நெடுங்காலம் இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது 'நைட்ரோபேக்டர்' என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. 1998இல் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்த குழு ஒன்று, அங்கே அந்த வேலையைச் செய்வது 'நைட்ரோஸ்பைரா' இனத்தைச் சேர்ந்தவை என்று கண்டது. 2015இல் இன்னொரு வியப்பு வந்தது. நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு கட்டங்களையும் தாங்களே செய்து முடிக்கின்றன! அவற்றைக் கண்டுபிடித்த குழுக்களில் ஒன்றுக்கு அவை கிடைத்த இடம், மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டர்.

இரண்டு கொலையாளிகள்

இப்போது மாணவரின் தொட்டிக்கு வருவோம். ஆறு மீன்களும் ஒரே நாளில் சாகவில்லை. இரண்டு மறுநாள் காலையில் இறந்தன. நான்கு அடுத்த மூன்று நாளில் இறந்தன. இதற்கு ஒரே காரணம் போதுமா?

முதல் காரணம் பெரும்பாலும் குளோரின். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா வீடுகளுக்கு ஆயர் சிலாங்கூர் அனுப்பும் நீரில், வழியில் கிருமி பெருகாமல் இருக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்கலாம். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவான அளவே கேடு செய்யக்கூடியது. மொத்த நீரையும் மாற்றியதால் மீன்கள் முழுக் குளோரினையும் ஒரேயடியாகச் சந்தித்தன. வலுக்குறைந்த இரண்டும் அன்றிரவே போயின.

ஆனால் காற்றுக்குமிழ் ஓடும் தொட்டியில் குளோரின் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். புதன்கிழமை வரை அது காத்திருந்து கொல்லாது. இரண்டாவது காரணம் அம்மோனியாதான். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் பிழிந்தபோது, இரண்டு மாதமாகக் குடியேறியிருந்த நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பகுதி கழுவப்பட்டது. எஞ்சியதைக் குளோரின் தாக்கியது. அதன்பின் நான்கு மீன்கள் விட்ட அம்மோனியாவை மாற்ற ஆளில்லை. நாளுக்கு நாள் அது கூடியது. நீர் மட்டும் கண்ணாடி போலவே இருந்தது.

இதை எழுதும்போது எனக்கும் ஒன்று உறுத்துகிறது. குடிநீர் சுத்திகரிப்புப் பாடத்தை அந்த வகுப்புக்கு நடத்தியது நான்தான். "குளோரின் எதற்குச் சேர்க்கப்படுகிறது?" என்ற கேள்விக்கு அந்த மாணவர் "கிருமிகளைக் கொல்ல" என்று எழுதியிருந்தார். முழுப் புள்ளி கொடுத்தேன். எந்தக் கிருமி நல்லது, எது கெட்டது என்று குளோரினுக்குத் தெரியாது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தெளிய வைக்கும் குறுக்கு வழிகள்

நம் முன்னோர் கலங்கிய நீர் வைக்கும் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து நீரைத் தெளிய வைத்தார்கள். முருங்கை விதைக்கும் இந்த ஆற்றல் உண்டு. முருங்கை விதையிலுள்ள நேர்மின்னேற்றம் கொண்ட புரதம், எதிர்மின்னேற்றம் கொண்ட களிமண் துகள்களை ஒன்று சேர்த்துக் கட்டியாக்கும். கனம் கூடியதும் அவை அடியில் படியும். சுத்திகரிப்பு ஆலைகளில் படிகாரம் செய்யும் வேலையும் இத்தகையதே. மீன் கடையில் விற்கும் பல தெளிவூட்டும் திரவங்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

அவற்றால் நீர் தெளியும். அம்மோனியா குறையாது. நோயாளியின் முகத்துக்குப் பவுடர் பூசுவது போன்றதுதான் அது. வீட்டுப் படிகாரத்தைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது நீரின் பி.எச் அளவைத் திடீரென இறக்கும். அதிலுள்ள அலுமினியமும் செவுளைப் பாதிக்கும்.

இன்னொரு குறுக்கு வழி, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி 'ஈக்கான் பண்டாராயா' வாங்கி விடுவது. மாநகர் மன்றத்தின் துப்புரவுப் பணியாளர்போல் கண்ணாடியை ஒட்டிப் பாசி தின்பதால் அதற்கு இந்தப் பெயர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் சுவர்ப் பாசியைத் தின்னும். ஆனால் தின்றதைக் கழிவாகத் தொட்டியிலேயே விடும். விரல் நீளத்தில் வாங்கியது 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். அப்போது பலர் அதை ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். இன்று சுங்கை லங்காட்டிலும் சுங்கை கிள்ளானிலும் இந்த மீன் பெருகி, கரையைத் துளைத்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைப் பிடித்து அகற்றத் தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்க வேண்டியிருக்கிறது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.

எவ்வளவு நீர் மாற்ற வேண்டும்? ஒரு கணக்கு

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் இருந்தால், அது 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். வாரம் ஒருமுறை கால் பங்கு என்றால் 13.5 லிட்டர். முதலில் சொல்லிவிடுகிறேன், இந்த அளவுத் தொட்டிக்கு ஆறு தங்க மீன்கள் மிக அதிகம்.

இந்தத் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் கால் பங்கு நீர் மாற்றினால் என்ன ஆகும்? நைட்ரேட் 40ஐ எட்டும்போது, நீர் மாற்றியதும் 30 ஆகும். அடுத்த வாரம் 10 சேர்ந்து மீண்டும் 40. அங்கேயே நின்றுவிடும். 20க்கு மேல் போகாமல் வைக்க வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, வாரம் பாதி நீரை மாற்றுவது. மற்றொன்று, தீனியைப் பாதியாக்குவது. தீனி பாதியானால் வாரத்துக்கு 5தான் சேரும். 20இல் கால் பங்கு போனால் 15, அதனுடன் 5 சேர்ந்தால் 20. வாளி தூக்குவது எளிதா, கையை அடக்குவது எளிதா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியவை

1. தீனி: ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். வீட்டில் யார் தீனி போடுவது என்பதை ஒருவரே பொறுப்பேற்க வேண்டும்.

2. நீர் மாற்றம்: வாரம் கால் பங்கு. குழாயால் அடிக்கழிவை உறிஞ்சி எடுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கையை நீரில் விடும் முன் பம்ப், விளக்கு ஆகியவற்றின் மின் இணைப்பைத் துண்டியுங்கள்.

3. குளோரின்: புதிய நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். காற்றுக்குமிழ் விட்டால் இன்னும் நல்லது. அவசரமானால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தையோசல்பேட்டை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கலக்குங்கள்.

4. ஸ்பாஞ்சு: தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் மெதுவாக அலசுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள். நீர் ஓட்டம் குறையும்போது அலசினால் போதும்.

5. தண்ணீர் வெட்டு: கிள்ளான் பள்ளத்தாக்கில் இது நமக்குப் புதிதல்ல. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் கலந்த மாசால் நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளுக்கு நீர் நின்றது. நீர் திரும்ப வரும்போது குழாயில் படிந்திருந்த துரு கலங்கி வரும். அந்த முதல் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சேமித்து வைக்கும் வாளிகளை மெல்லிய வலைத்துணியால் மூடி வையுங்கள். இல்லையென்றால் மீனுக்கு வைத்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

6. வெப்பமும் பி.எச் அளவும்: நீரில் மொத்த அம்மோனியா ஒரே அளவாக இருந்தாலும் அதன் கொடுமை மாறும். 28 பாகை செல்சியசில், பி.எச் 7 என்றால் அதில் நூற்றுக்கு 1 பங்குக்கும் குறைவாகவே கடும் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச் 8 என்றால் அது நூற்றுக்கு 6 முதல் 7 பங்கு. வெப்பம் கூடினாலும் இந்தப் பங்கு கூடும், ஆக்சிஜனோ குறையும். நம் ஊர் வெயிலில் தொட்டியை நிழலில் வைப்பது பாசிக்காக மட்டுமல்ல.

மீன் இல்லாத ஐந்து வாரம்

அந்த மாணவர் மீண்டும் தொட்டி வைத்தார். இம்முறை முதலில் மீன் வாங்கவில்லை. ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டார். கடையில் வாங்கிய சோதனைக் கருவியால் வாரம் இருமுறை அளந்து, நோட்டில் குறித்தார். முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறியது. ஐந்தாவது வாரம் இரண்டும் பூச்சியத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் நின்றது. அதன் பிறகுதான் மூன்று கப்பி மீன்கள் உள்ளே போயின.

அந்த வரைபடத்தை என்னிடம் காட்டினார். பாடநூலில் நான் கரும்பலகையில் வரைந்ததைவிட அது தெளிவாக இருந்தது. வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தொட்டி இருந்தால், இந்த வாரம் ஒரு குவளை நீரை எடுத்து வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓர் இரவு காத்திருங்கள். அதுவரை ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.